சீட்டா, சேரா? அரசியலுக்குக் கூப்பிட்டால் ஒரு பல் மருத்துவர் என்ன செய்யலாம்

வட்டச் செயலாளர் அன்றைக்குக் கட்சி வேலையாக வரவில்லை. இடது கன்னம் பணியாரம் மாதிரி உப்பியிருந்தது. கீழ்க் கடவாய்ப்பல்லில் சீழ் கட்டி இரண்டு ராத்திரி தூக்கம் இல்லையாம். சேலம் அம்மாப்பேட்டையில் என் பல் கிளினிக்குக்கு எதிர் டீக்கடையில் தினமும் நிற்கிறவர், இருபத்திரண்டு வருடத்தில் படியேறி உள்ளே வந்தது அதுதான் முதல் தடவை. பல்லைத் திறந்து சீழை வடித்து, மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்து அனுப்பினேன். வலி இறங்கிய சந்தோஷத்தில் வாசலில் நின்று சொன்னார்: "டாக்டரம்மா, அடுத்த எலெக்‌ஷன்ல நம்ம வார்டு லேடீஸ் வார்டு ஆகும்னு பேச்சு இருக்குதுங்க. நீங்க நில்லுங்க. சீட்டு நான் வாங்கித் தர்றேன்."

ரூட் கெனாலுக்கு இன்னும் இரண்டு சிட்டிங் பாக்கி இருந்தது. அது முடிவதற்குள் சொல்கிறேன் என்றேன். சும்மா சொல்லி அனுப்பவில்லை, நிஜமாகவே யோசித்தேன். என்னோடு படித்தவர்கள் இரண்டு பேரையும் இதே மாதிரி கூப்பிட்டிருக்கிறார்கள் என்பதால், அந்த யோசனையை எழுதியும் வைக்கிறேன்.

முதலில் ஒரு சந்தேகம். வக்கீல்கள் கூட்டம் கூட்டமாக அரசியலுக்கு வருகிறார்கள். பொது மருத்துவர்களும் வருகிறார்கள். பல் மருத்துவர்கள் மட்டும் ஏன் இவ்வளவு குறைவு? இதே சேலம் நகராட்சிக்கு 1917 முதல் 1919 வரை தலைவராக இருந்த ராஜாஜி வக்கீல். ராசிபுரத்தில் பிறந்து காங்கிரஸை வளர்த்த டாக்டர் வரதராஜுலு நாயுடு நாட்டு வைத்தியர். வக்கீல் பொதுக்கூட்டத்துக்குப் போக வேண்டுமென்றால் கோர்ட்டில் வாய்தா வாங்கலாம். பல்வலிக்கு வாய்தா கிடையாது. மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புகிற வேலையும் இல்லை இது. திறந்த பல்லை நான்தான் மூட வேண்டும். நான் வராத நாளில் பல் குடைகிற ஏரோட்டர் சும்மா தொங்கும், சேருக்கு வாங்கிய கடனின் தவணை மட்டும் தேதி தவறாமல் போகும். ஆகவே எந்த வழியை யோசித்தாலும் நான் கேட்கிற முதல் கேள்வி, என் கைக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் மிஞ்சும் என்பதுதான்.

கவுன்சிலர் பதவியை எடுத்துக்கொள்வோம். சேலம் மாநகராட்சியில் 60 வார்டுகள். 2023-ல் அரசு அறிவித்தபடி மாநகராட்சிக் கவுன்சிலருக்கு மாதம் 10,000 ரூபாய் மதிப்பூதியம், மேயருக்கு 30,000. அதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது. அதாவது கிளினிக் ஓடியே ஆக வேண்டும். ஓடவும் முடியும் என்று தோன்றுகிறது. மாமன்றக் கூட்டம் தினமும் நடப்பதில்லை. வார்டோ காலால் நடந்து முடித்துவிடுகிற தூரம்.

ஆனால் கவுன்சிலரின் நேரத்தை விழுங்குவது கூட்டம் இல்லை. காது குத்து, சீர், எழவு, அப்புறம் காலை ஆறு மணிக்கு வரும் போன். சாக்கடை அடைத்துக்கொண்டால் ரூட் கெனால் நடுவில் இருந்தாலும் எடுக்க வேண்டும், எடுக்கவில்லை என்றால் 'ஜெயிச்சதும் மாறிட்டாங்க.' போதாததற்கு 'நம்மாளுங்க, பாத்துப் போடுங்க' என்று பில்லைக் குறைக்கச் சொல்லி ஒரு படையே வரும். இன்னொன்று யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை: எங்கள் நெசவாளர் தெருக்களில் பாதி வீடு இந்தக் கட்சி, பாதி அந்தக் கட்சி. இன்றைக்கு இரண்டு பக்கத்தாரும் என் முன்னால் வாயைத் திறக்கிறார்கள். நான் ஒரு கரை கட்டிவிட்டால் அடுத்த பக்கத்தார் ஐந்து ரோட்டில் இருக்கிற வேறு டாக்டரிடம் போய்விடுவார்கள். பாதிப் பேர் போகாவிட்டாலும் கால்வாசி நிச்சயம்.

இந்த வழியில் போய்ப் பெரிதாகச் செய்தவர் ஒருவர் உண்டு. எங்கள் தொழிலின் தகப்பன் என்று சொல்லப்படும் டாக்டர் ஆர். அகமது. அமெரிக்காவின் அயோவாவில் படித்து வந்து, 1920-ல் கல்கத்தாவில் நாட்டின் முதல் பல் மருத்துவக் கல்லூரியைத் தொடங்கினார். தொடங்கிய காலத்தில் கல்லூரிக்குப் பணம் வந்தது எங்கிருந்து தெரியுமா? அவரே நடத்திய ஐஸ்க்ரீம், சோடாக் கடையிலிருந்து. ஒரு கையால் சொத்தையை வளர்த்து மறு கையால் அடைத்தார் என்று எங்கள் வகுப்பில் கிண்டல் செய்வோம். 1930-களில் கல்கத்தா மாநகராட்சியில் கவுன்சிலராக உட்கார்ந்தார். பல் மருத்துவத்துக்கென்று சட்டம் வேண்டும் என்று விடாமல் நின்றார். 1939-ல் வங்காளத்துக்கு ஒரு சட்டம் வந்தது, 1948-ல் நாடு முழுமைக்கும் வந்தது. 1949-ல் கல்லூரியை அப்படியே அரசுக்குக் கொடுத்துவிட்டு, அடுத்த வருடமே மேற்கு வங்கத்தில் அமைச்சரானார். 1962 வரை இருந்தார். வேளாண்மையும் கூட்டுறவும் அவர் பார்த்த துறைகளில் சேர்த்தி.

அவர் கதையில் எனக்குப் பிடித்தது அந்த வரிசைதான். அவர் அரசியலுக்குப் போன காலத்தில் கல்லூரியில் பாடம் நடத்தவும் நோயாளி பார்க்கவும் வேறு கைகள் தயாராகியிருந்தன. என் கிளினிக்கில் இருப்பது என் இரண்டு கைகள், அப்புறம் ரிசப்ஷனில் ஒரு பெண்.

அமெரிக்க நாடாளுமன்றத்தில் பல் மருத்துவர்கள் பலர் இருந்திருக்கிறார்கள். அவர்களில் ஐடஹோ மாநிலத்தின் மைக் சிம்ப்சனும் 1980-ல் தன் சிறு நகரத்தின் கவுன்சிலிலிருந்து தொடங்கியவர். 1999-ல்தான் நாடாளுமன்றத்துக்குப் போனார். ஊரில் அவர் தன் அப்பாவோடும் சித்தப்பாவோடும் சேர்ந்து கிளினிக் நடத்தியவர். இங்கும் அதேதான், இன்னும் நான்கு கைகள்.

அடுத்தது சட்டமன்றம். சீட்டு கேட்க வேண்டும், காத்திருக்க வேண்டும், கிடைக்காவிட்டால் இன்னும் ஐந்து வருடம் காத்திருக்க வேண்டும். டெபாசிட் 10,000 ரூபாய்தான். செலவு வரம்பு 2022-லிருந்து 40 லட்சம், கணக்கில் காட்டுவது. ஜெயித்தால் மாதம் 1,05,000 ரூபாய், தொகுதி மேம்பாட்டுக்கு வருடம் 3 கோடி. கிளினிக்கை மூடிவிடலாம் என்கிற அளவுக்கு வருமானம். மூடித்தான் ஆக வேண்டும் என்கிற அளவுக்கு வேலை.

பொறுமை எவ்வளவு வேண்டும் என்று பார்க்கப் பாகிஸ்தானின் ஆரிஃப் ஆல்வியைப் பாருங்கள். கராச்சியில் பல் மருத்துவர். அமெரிக்காவில் மேற்படிப்பு படித்தவர். அவர் அப்பாவும் பல் மருத்துவர்தான், பிரிவினைக்கு முன்பு நேருவுக்கே வைத்தியம் பார்த்தவர் என்பார்கள். 1996-ல் இம்ரான் கான் கட்சி தொடங்கியபோது கூட நின்றவர்களில் ஆல்வி ஒருவர். 1997-ல் தோற்றார். 2002-லும் தோற்றார். 2013-ல்தான் ஜெயித்தார், 2018-ல் ஜனாதிபதி. பதினேழு வருடம் தோல்வியோடும் காத்திருப்போடும் ஓட்ட, ஒரு நல்ல கிளினிக் பின்னால் இருக்க வேண்டும். அந்த விதத்தில் பல் மருத்துவம் அரசியலுக்கு நல்ல துணைதான்: சீட்டு கிடைக்காத காலத்திலும் சோறு போடும்.

திரிபுரா முதல்வர் மாணிக் சாஹா வழி வேறு. தாடை, முக அறுவை சிகிச்சை நிபுணர், மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். 2016-ல் பாஜகவில் சேர்ந்தார், 2022 மே மாதம் முதல்வர். ஆறே வருடம். 2023 ஜனவரியில், முதல்வராக இருக்கும்போதே, தான் வேலை பார்த்த கல்லூரிக்குப் போய்ப் பத்து வயதுப் பையன் ஒருவனுக்கு வாயில் இருந்த கட்டியை அறுவை செய்து எடுத்தார். அந்தப் போட்டோ எங்கள் டாக்டர்கள் வாட்ஸப் குரூப்பில் ஒரு வாரம் சுற்றியது. எல்லோரும் 'கை மறக்கல பாரு' என்று கை தட்டினார்கள். எனக்குத் தோன்றியது வேறு. அறுவை சிகிச்சை ஒரு நாள் வேலை, போய்ச் செய்துவிட்டு வரலாம், மேற்கொண்டு பார்க்கத் தியேட்டரில் ஆட்கள் இருக்கிறார்கள். எங்களை மாதிரி சொத்தை அடைக்கிறவர்கள், பல்செட் கட்டுகிறவர்கள், கம்பி போடுகிறவர்கள் கதை அப்படியில்லை. கம்பி போட்ட பிள்ளை இரண்டு வருடம் மாதாமாதம் வரும். நீங்கள் எம்எல்ஏ ஆகிவிட்டால் அந்தப் பிள்ளை எங்கே போகும்? ஆக, ஒரே பட்டம் வாங்கியிருந்தாலும் கல்லூரியில் சம்பளத்துக்கு இருப்பவர் அரசியலுக்குப் போவதும் தெருமுனையில் தனிக் கிளினிக் வைத்திருப்பவர் போவதும் ஒன்றில்லை.

பதவி பெரிதாகப் பெரிதாகப் படிப்பு என்ன ஆகும் என்பதற்கும் ஒரு கதை உண்டு. துர்க்மெனிஸ்தானில் 2007 முதல் 2022 வரை ஜனாதிபதியாக இருந்த பெர்திமுகமதோவ் பல் மருத்துவர். அதற்கு முன்பு சுகாதார அமைச்சர், அப்போதைய ஜனாதிபதி நியாசோவுக்குப் பல் வைத்தியரும் அவரேதான். 2004-ல் அந்த நியாசோவ், தங்கப்பல் கட்டியிருந்த ஒரு மாணவியைப் பார்த்து அது வேண்டாம் என்றார். பல் உறுதியாக இருக்க எலும்பைக் கடியுங்கள் என்று நாட்டின் இளைஞர்களுக்கு அறிவுரையும் சொன்னார். சுகாதார அமைச்சர் ஒரு பல் மருத்துவர். ஆனாலும் எலும்பு கடித்தால் பல் உடையும் என்று அவர் எழுந்து சொன்னதாகக் கேள்விப்படவில்லை.

சரி, இதெல்லாம் பதவியின் கணக்கு. எதற்காகப் போக வேண்டும் என்ற கேள்விக்கு எனக்குப் பதில் கொடுத்தது இரண்டு அக்கா தங்கைகள்.

தொப்பூர் கணவாய் தாண்டி, பென்னாகரம் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு அம்மா தன் பெரிய பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார். பத்தொன்பது வயது. கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பேசும்போதெல்லாம் அந்தப் பெண் கையால் வாயை மறைத்துக்கொண்டாள். மேல் முன்பற்கள் நான்கிலும் குறுக்கே காவி நிறத்தில் பட்டை, ஓரங்களில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளைத் திட்டு, ஒரு பல்லில் எனாமல் பொரிந்து குழி விழுந்திருந்தது. "ஒழுங்கா வெளக்க மாட்டா டாக்டரம்மா" என்று அம்மா திட்டினார். உப்பு, கரி, செங்கல் பொடி வரைக்கும் தேய்க்க வைத்திருக்கிறார். தேய்த்துப் போகிற கறை இல்லை அது. போர்த் தண்ணீரில் ஃப்ளோரைடு அதிகமாக இருந்து, பல் ஈறுக்குள் உருவாகும்போதே உள்ளே ஏறிய நிறம். குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் வரை இருக்கலாம், வேறு வழியே இல்லையென்றால் ஒன்றரை வரை என்பது இந்தியத் தர அளவு. முன்பற்களின் எனாமல் நாலைந்து வயதுக்குள் உருவாகி முடிந்துவிடும். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் அந்தப் பல் மாறாது.

நான் மூன்று சிட்டிங்கில் பல்லின் மேல்பூச்சைக் கொஞ்சம் எடுத்துவிட்டுப் பல் நிறத்தில் பூசிக் கொடுத்தேன். கடைசி நாள் கூடவே தங்கச்சியும் வந்திருந்தாள், பத்து வயது இருக்கும். அக்காவைப் பார்த்து அவள் சிரித்தபோது நான் அக்காவை விட்டுவிட்டு அவள் வாயைப் பார்த்தேன். முன்பற்கள் பால் மாதிரி. "இவ பொறக்கறதுக்குள்ள ஒகேனக்கல் தண்ணி வந்துருச்சுங்க" என்றார் அம்மா, ரொம்பச் சாதாரணமாக.

ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்கானது. 2008-ல் ஒரு ஆட்சியில் அடிக்கல், 2013-ல் வேறு ஆட்சியில் திறப்பு, ஜப்பான் கடன். திட்டத்தின் பெயரிலேயே ஃப்ளோரைடு பாதிப்பைக் குறைப்பதும் உண்டு. என் இருபத்திரண்டு வருட வேலையில் ஒரு குழாய் செய்ததில் பாதிகூட நான் செய்யவில்லை என்று அன்றைக்குத் தோன்றியது. வட்டச் செயலாளர் கேட்டபோது நான் உடனே முடியாது என்று சொல்லாததற்கு அந்தச் சின்னப் பெண்ணின் பற்களே காரணம்.

ஆனால் அதே யோசனையை நீட்டினால் கவுன்சிலர் பதவி என் கையிலிருந்து நழுவுகிறது. சேலம் மாநகரம் குடிப்பது மேட்டூர்க் காவிரித் தண்ணீர். காவிப்பல்லோடு வருகிற என் நோயாளிகள் என் வார்டில் இல்லை, என் மாவட்டத்திலேயே பாதிப் பேர் இல்லை. நான் அம்மாப்பேட்டையில் ஜெயித்து அவர்களுக்கு ஒரு குடம் தண்ணீர் வாங்கித் தர முடியாது. சேலம் மாவட்டத்தில் பதினொரு சட்டமன்றத் தொகுதிகள். எம்எல்ஏ ஆனால் ஒரு ஊருக்குச் சுத்திகரிப்பு நிலையம் வைக்கலாம், ஒகேனக்கல் மாதிரி ஒன்றுக்கு அமைச்சரவைதான் வேண்டும்.

இன்னொரு இடம் ஏற்காடு. மாதம் ஒரு ஞாயிறு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய் மலைக் கிராமங்களில் முகாம் நடத்துகிறேன். காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்கள் கன்னத்தில் வெற்றிலையோடு புகையிலை அடக்கி வைத்துக்கொண்டு பழம் பறிக்கிறார்கள். அது இருக்கிற பக்கத்தில் உள் கன்னம் வெளுத்துத் தோல் தடித்துப் போயிருக்கும். வாய் முழுதாகத் திறக்காதவர்களும் உண்டு. அங்கே ஒரு பல் மருத்துவருக்கு வேலை மலை மாதிரி இருக்கிறது. ஆனால் ஏற்காடு பழங்குடியினருக்கான தனித்தொகுதி. தமிழ்நாட்டில் அப்படி இருப்பதே ஏற்காடும் சேந்தமங்கலமும்தான். அது மலையாளி என்று பெயர் கொண்ட அந்த மலைப் பழங்குடி மக்களுக்கு உரியது, அப்படித்தான் இருக்க வேண்டும். மலையிலிருந்து ஒரு பெண் பல் மருத்துவம் படித்து வந்து நின்றால் நான் அவளுக்காக ஓட்டுக் கேட்டுப் பதினெட்டுப்பட்டியும் நடப்பேன்.

கவுன்சிலரால் முடிந்தது என்று பார்த்தால் என் துறையில் இரண்டு மூன்று விஷயம் இருக்கிறது. மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு வருடம் ஒரு முறை பல் பரிசோதனை. மாநகராட்சி நடத்துகிற நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு பல் மருத்துவச் சேர். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலை விற்கக்கூடாது என்று 2003-லிருந்து மத்தியச் சட்டம் இருக்கிறது, குட்காவுக்கு 2013-லிருந்து தமிழ்நாட்டில் தடையும் இருக்கிறது. மன்றத்தில் எழுந்து கத்தலாம். ஆனால் குட்காவைப் பிடிக்கும் உணவுப் பாதுகாப்பு அதிகாரி மாநகராட்சிக்குக் கீழே வருவதில்லை, அவர் மாநில அரசின் ஆள். கடைக்காரரோ பெரும்பாலும் பூத் கமிட்டியில் இருப்பார்.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அரசு வேலையும் பொதுப்பதவிதான், அதை யாரும் அப்படி நினைப்பதில்லை என்றாலும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமாக உதவிப் பல் மருத்துவராகப் போனால் அரசு மருத்துவமனையில் ஒரு நாளைக்குப் பார்க்கிற வாய்கள் என் கிளினிக்கில் ஒரு வாரத்துக்கு வராது. இப்போது இன்டர்ன்ஷிப் முடித்துவிட்டு 'மேடம், பொதுச் சேவை செய்யணும்' என்று வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதைத்தான். கட்சியில் சேர முடியாது, தேர்தலில் நிற்க ஆசை வந்தால் ராஜினாமா செய்ய வேண்டும், அவ்வளவுதான் நஷ்டம். பல் மருத்துவச் சங்கத் தேர்தல், பல் மருத்துவக் கவுன்சில் தேர்தல் என்று எங்களுக்குள்ளேயே ஒரு அரசியல் இருக்கிறது. அதில் நின்றால் பிரியாணி உண்டு, போஸ்டர் இல்லை. தொழில் விதிகளைத் திருத்த ஆசைப்படுகிறவர்களுக்கு அது போதும். 2022-லிருந்து வார்டு கமிட்டி, பகுதி சபை என்று வந்திருக்கிறது. தேர்தல் இல்லாமல் போய் உட்கார்ந்து கேள்வி கேட்கலாம். எங்கள் வார்டில் அதற்குப் போனேன். கேள்வி கேட்டவள் நான் ஒருத்திதான் என்றாலும், தெருவிளக்கு எரிந்தது.

என் முடிவு வருமானத்தையும் கட்சியையும் பார்த்து வந்ததில்லை. கூட இன்னொரு பல் மருத்துவர் உட்கார்கிற கிளினிக் இருந்தால், கணவனோ மனைவியோ கூட்டாளியோ, கவுன்சிலருக்கு நிற்கலாம், நிற்கவும் வேண்டும். கல்லூரிச் சம்பளத்தில் இருப்பவர் சட்டமன்றத்தை யோசிக்கலாம். என்னை மாதிரி தனியாள் நின்றால் இரண்டு சேரிலும் அரைகுறையாக உட்கார வேண்டியதுதான். என் மகளும் பல் மருத்துவம்தான், மூன்றாம் வருடம் பிடிஎஸ் படிக்கிறாள். அவள் வந்து உட்கார்ந்த பிறகு யாராவது கூப்பிட்டால் பதில் வேறாக இருக்கலாம்.

கடைசி சிட்டிங்குக்கு வட்டச் செயலாளர் சரியான நேரத்துக்கு வந்தார். பல்லுக்கு மேல் மாட்டும் கேப்பைப் பொருத்திப் பார்த்து, கடிக்கச் சொல்லி, உயரத்தைத் தேய்த்து, சிமெண்ட் வைத்து அமுக்கிப் பிடித்தேன். சிமெண்ட் பிடிக்கிற வரைக்கும் அவரால் பேச முடியாது. அந்த நேரம் பார்த்துச் சொன்னேன். "அண்ணா, எனக்கு சீட்டு வேண்டாம்ங்க. நம்ம சுகாதார நிலையத்துக்கு ஒரு டென்டல் சேர் வாங்கிக் கொடுங்க. வாரத்துக்கு ஒரு மத்தியானம் நானே வந்து சும்மா பாக்கறேன். ஜெயிக்கிறவங்க யாரா இருந்தாலும் அவங்க பேரையே பலகையில எழுதிக்கட்டும்."

அவர் கண்ணை உருட்டி என்னைப் பார்த்தார். கையை எடுத்ததும் எழுந்து, வாய் கொப்பளித்து, துப்பி, துண்டால் மீசையைத் துடைத்துக்கொண்டார். புதுப் பல்லை நாக்கால் ஒரு தரம் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"சேரு பாத்துக்கலாங்க டாக்டரம்மா. உங்க வீட்டுல வேற லேடீஸ் யாராச்சும் இருக்காங்களா?"